சிவகிரி அடிவாரத்தில் கேரவன்: எங்கே தங்கலாம், எங்கே கூடாது?

கேரவன் என்றால் கிராமத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். இப்போது அது சாதாரணக் குடும்பங்களின் கைக்கும் வந்துவிட்டது. வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னக் கழிப்பறை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். இன்னொரு பக்கம், மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள்களிலும் ஜீப்புகளிலும் இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். இவர்கள் தேடுவது இரண்டு: ராத்திரி நிம்மதியாகத் தங்க ஓர் இடம், பகலில் ஓட்டிப் பார்க்க ஒரு பாதை.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்து ஊர்களில் சிவகிரிக்கு இந்த இரண்டும் வாய்த்திருக்கின்றன. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேற்கே கண்ணுக்கு முன்னால் மலை. கிழக்கே சங்கரன்கோவில் வரைக்கும் கண்மாய்களும் கரிசலும் செவலும். அதனால் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, ஒரு ராத்திரி இங்க தங்கிக்கிடலாமா?" என்று கேட்பவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள்.

சரி என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? சரி என்றால் எந்த இடத்தைக் காட்டுவது? ஒரு ராத்திரி வாடகை கிடைக்கலாம். இடம் தவறினால் தோப்பு தீப்பிடிக்கலாம், கிணறு கெடலாம், உயிரே போகலாம். ஆகவே இடம் பார்க்கும் விஷயத்தை நிலம் வைத்திருப்பவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இடம் பார்க்கத் தெரிந்த பழைய ஆட்கள்

வண்டியில் வந்து தங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஒரு காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தார்கள், பக்கத்தில் மூன்று கல் கூட்டிச் சமைத்தார்கள். இன்றைக்கும் கார்த்திகை, மார்கழியில் இதே நெடுஞ்சாலையில் சபரிமலைக்குப் போகும் வேன்கள் வரிசையாகப் போகின்றன. கோவில் வாசலிலும் தோப்பு ஓரத்திலும் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

இவர்களை எல்லாம்விட இடம் பார்ப்பதில் கைதேர்ந்தவர் கிடை போடும் கீதாரி. நூற்றுக்கணக்கான ஆடுகளோடு ஊர் விட்டு ஊர் நடக்கும் அவர் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓர் இடம் தேர்ந்தாக வேண்டும். அவர் பார்ப்பவை ஆறு.

முதலாவது, நிலம் மேடாக இருக்க வேண்டும். தண்ணீர் வடிய லேசான சரிவு வேண்டும். இரண்டாவது, ஓடைக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் குடிக்கத் தண்ணீர் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, அறுவடை முடிந்த வெற்று நிலமாக இருக்க வேண்டும். நான்காவது, பக்கத்து வயலில் நிற்கும் பயிருக்குச் சேதம் வராத அளவு இடைவெளி வேண்டும். ஐந்தாவது, மலையிலிருந்து இறங்கும் மிருகங்களின் தடத்தில் படுக்கக் கூடாது. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: நிலத்துக்காரரிடம் முதலிலேயே பேசி, எத்தனை ராத்திரி, என்ன கூலி என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கேரவனில் வருகிறவருக்கும் இந்த ஆறும் அப்படியே பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கிடை கிளம்பும்போது நிலத்தில் எருவை விட்டுப் போகிறது. ஆட்டு எருவில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல் சத்து இருக்கிறது. "ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்" என்பது அனுபவத்தில் வந்த சொல். கேரவன் கிளம்பும்போது விட்டுப் போவது பிளாஸ்டிக்கும் சோப்புத் தண்ணீரும் கழிவும்தான். அதை விடாமல் போகச் செய்வது நிலத்துக்காரர் போடும் நிபந்தனையில் இருக்கிறது.

மூன்று பட்டைகளாகச் சிவகிரி

தங்கும் இடம் என்ற கண்ணோடு பார்த்தால் சிவகிரி வட்டாரத்தை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டைகளாகப் பிரிக்கலாம்.

முதல் பட்டை மலையும் மலையடி ஓரமும். சிவகிரி வனச்சரகம் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தது. வடக்கே 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். கேரளத்தின் நீளமான ஆறான பெரியாறு பிறப்பது சிவகிரி மலைத் தொடரில்தான் என்று சொல்வார்கள். மூன்று பக்கமும் இப்படிக் காப்புக் காடுகள் சூழ்ந்த இடத்தில் வண்டி ஓட்டவும் கூடாரம் அடிக்கவும் பேச்சே கிடையாது. காட்டை ஒட்டிய மா, தென்னை, வாழைத் தோப்புகளும் ராத்திரி தங்க உகந்தவை அல்ல. யானை இறங்கும் இடம் அது.

இரண்டாவது பட்டை மலையடிக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையிலுள்ள செவல், சரளை நிலங்கள். தென்னை, எலுமிச்சை, மா, சோளம், பயறு வகைகள் விளையும் பகுதி. மண் இறுக்கமாக இருக்கும், மழைத் தண்ணீர் சீக்கிரம் வடியும். இந்தப் பட்டையில், காட்டு எல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அருகில் வீடும் ஆள் நடமாட்டமும் உள்ள தோட்டம்தான் கேரவன் நிறுத்தச் சிறந்தது. தென்னந்தோப்பு என்றால் மரத்துக்கு அடியில் நிறுத்தக் கூடாது. தேங்காயும் மட்டையும் விழுவது ஒரு காரணம். தென்னையின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் தண்டைச் சுற்றி ஆறு அடிக்குள் இருக்கின்றன. பல டன் எடையுள்ள வண்டி அந்த வட்டப்பாத்தியில் ஏறினால் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும் என்பது இன்னொரு காரணம். எலுமிச்சைக்கு வேர் இன்னும் மேலாக ஓடும். எலுமிச்சைத் தோட்டத்துக்குள் வண்டியை விடவே வேண்டாம்.

மூன்றாவது பட்டை நெடுஞ்சாலைக்குக் கிழக்கே சங்கரன்கோவில் பக்கமாக விரியும் கண்மாய்ப் பாசன வயல்களும் கரிசலும். வெயில் காலத்தில் கரிசல் தரிசு பரந்த மைதானம் போல இருக்கும். பார்த்தவர்கள் ஆசைப்பட்டு இறங்கிவிடுவார்கள். ஒரு மழை பெய்தால் போதும், சக்கரம் அச்சு வரை புதைந்துவிடும். பிறகு டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு சின்னச் சோதனை உண்டு. நாலு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்க்க வேண்டும். உருண்டை பிடித்தால் வண்டி இறக்கக் கூடாது. உதிர்ந்தால் இறக்கலாம். உழுது போட்ட நிலத்தில் ஈரம் இல்லாவிட்டாலும் விடக் கூடாது. அடிமண் இறுகினால் அதை உடைக்க உளிக்கலப்பை ஓட்ட வேண்டி வரும்.

ஓட்டிப் பார்க்க நல்ல பாதைகள்

மண் பாதை ஓட்டம் என்றாலே காட்டுக்குள் போவது என்று பலர் நினைக்கிறார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் காட்டைத் தொடாமலே இரண்டு நாள் ஓட்டப் பாதை இருக்கிறது.

பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். இவற்றில் தென்மலை சிவகிரிக்குக் கிழக்கே பக்கத்திலேயே உள்ளது. ஐந்தையும் இணைக்கும் ஊர்ச்சாலைகளில் ஒரு பக்கம் கரிசல், ஒரு பக்கம் கண்மாய், எட்டத்தில் மலை என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். கிராமத்து டீக்கடையும் ராத்திரிக் கொத்து புரோட்டாவும் வழியெல்லாம் கிடைக்கும். பயணிகள் செலவழிக்கும் பணம் ஐந்து ஊருக்கும் பரவும்.

வாசுதேவநல்லூர் அருகே நெற்கட்டும்செவல் உண்டு. வெள்ளையருக்கு எதிராக முதலில் வாள் எடுத்தவர்களில் ஒருவரான பூலித்தேவரின் ஊர் அது. அங்கே அரசு நினைவு மாளிகை இருக்கிறது. வாசுதேவநல்லூரின் மேற்கே தலையணை, சேத்தூர் பக்கம் சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் ஆகியவை பலருக்கும் தெரிந்த இடங்கள். ஆனால் இவை வனத்தை ஒட்டியவை. வனத்துறை அனுமதி இருக்கும் நாளில் மட்டும், அனுமதித்த இடம் வரைக்கும்தான் போக வேண்டும். சிவகிரி கூடாரப்பாறை முருகன் கோவிலுக்கு ஏறிப் போய் நின்றால் ஊரும் வயலும் மலையும் ஒரே பார்வையில் தெரியும். வண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்துதான் ஏற வேண்டும்.

ஓட்டக் கூடாத பாதைகளும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது கண்மாய்க் கரை. பார்ப்பதற்கு அகலமான மண் ரோடு போலத் தெரியும். மழைக்காலத்தில் ஊறிய கரையில் வண்டித் தடம் விழுந்தால் அந்தத் தடத்தின் வழியாகத் தண்ணீர் அரித்து, கடைசியில் உடைப்பாக முடியும். ஒரு கண்மாய் உடைந்தால் அந்த ஆயக்கட்டே போய்விடும். இரண்டாவது, ஓடை மணல். மூன்றாவது, வரப்பும் வாய்க்கால் கரையும். நான்காவது, மேய்ச்சல் புறம்போக்கில் புதிதாகத் தடம் போடுவது. புல் வேர் அறுந்த தடத்தில் பார்த்தீனியம்தான் முளைக்கும். வேறு ஊர்ச் சேற்றோடு வரும் டயரில் அந்த விதையும் வரும்.

வெளிநாடுகளிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் 2005 முதல், வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டுமே வண்டி ஓட்டலாம் என்ற விதி வந்தது. அவ்வளவு பெரிய நாட்டிலேயே கண்ட இடத்தில் ஓட்டவிட்டால் மண் தாங்காது என்று கண்டுகொண்டார்கள்.

மாதம் பார்த்து வர வேண்டும்

சிவகிரிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வயலில் பயிர் நிற்கும், பாதை சேறாக இருக்கும், ஓடை எந்நேரமும் வரலாம். தங்க ஏற்ற காலம் அல்ல.

தை, மாசி நல்ல மாதங்கள். மழை விட்டிருக்கும், காலையில் குளிர், அறுவடை முடிந்த நிலம் கிடைக்கும். மாசிக் கடைசியிலிருந்து காய்ச்சல் தொடங்கும். பங்குனி, சித்திரையில் மலைப் புல் காய்ந்து தீ அபாயம் உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் தோட்டத்தில் திறந்த நெருப்பை அனுமதிக்கவே கூடாது. ஆனி, ஆடியில் குற்றாலம் பக்கம் சாரல் விழும்போது இங்கே காற்று பலமாக அடிக்கும். வண்டி நிற்கும், கூடாரம் நிற்காது. அதோடு மாம்பழக் காலம் முடியும் வரைக்கும் மலையோரத் தோப்புகளில் யானை நடமாட்டம் கூடுதலாக இருக்கும்.

மறக்கக் கூடாத இரண்டு நாட்கள்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல், மேல் நோக்கி அடித்த காற்று, செங்குத்துச் சரிவு மூன்றும் சேர்ந்தபோது ஓட இடமில்லாமல் போனது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். தென்காசி மாவட்டத்தில் குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதை அதில் இருக்கிறது. காட்டுக்குள் போயே தீர வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் நேரான வழி. தீ அபாயக் காலத்தில் அந்தப் பாதைகளையும் மூடிவிடுகிறார்கள்.

2024 மே 17. பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மேலே மலையில் பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மலையிலிருந்து இறங்கும் எந்த ஓடைக்கும் இதே குணம்தான். சிவகிரி வட்டாரத்து ஓடைகளும் அப்படித்தான்: ஊரில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையில் தண்ணீர் வந்துவிடும். வெளியூர்க்காரருக்கு ஓடை மணல் மெத்தை போலத் தெரியும். "தம்பி, மணல்ல மட்டும் படுக்காதீங்க" என்று சொல்ல வேண்டியது நிலத்துக்காரரின் கடமை. மலை உச்சி கறுத்திருந்தால், ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

யானையும் மின்கம்பியும்

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மலையோர விவசாயிகளுக்கு யானை தென்னையைச் சாய்ப்பதும் வாழையை மிதிப்பதும் பழகிப்போன வேதனை. கேரவனுக்குள் பலாப்பழம், வாழைத்தார், வெல்லம், உப்பு என்று வைத்துக்கொண்டு மலையோரத் தோப்பில் தங்கினால் யானைக்கு வாசனை காட்டி அழைப்பது போலாகும். காட்டுப்பன்றி, கரடி வருவதும் உணவு மிச்சத்தைத் தேடித்தான். சமைத்த மிச்சத்தை வெளியே கொட்டக் கூடாது. ராத்திரியில் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. யானை வந்தால் போட்டோ எடுக்கப் போகக் கூடாது. விளக்கையும் பாட்டையும் அணைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

யானையைவிட அபாயம் ஒன்று உண்டு. பன்றிக்கு என்று சிலர் இழுத்துக் கட்டும் நேரடி மின்கம்பி. ஊர்க்காரருக்கு எந்த வரப்பில் கம்பி இருக்கிறது என்று தெரியும். இருட்டில் ஒதுங்கப் போகும் விருந்தாளிக்குத் தெரியாது. நேரடி மின்சாரத்தில் வேலி போடுவது குற்றம். ஆள் இறந்தால் நிலத்துக்காரர் சிறைக்குப் போக வேண்டி வரும். வேலி தேவை என்றால் விட்டு விட்டு அதிர்ச்சி தரும் சூரிய மின்வேலிதான் வழி. அதற்கும் 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். தன் நிலத்தில் கம்பி இல்லை என்றாலும் பக்கத்து நிலத்தில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் தங்கவைக்கக் கூடாது.

மேய்ச்சலுக்குத் தடை, ஜீப்புக்கு வழியா?

மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. 2022 மார்ச்சில் காடுகளில் மாடு மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த மாதமே அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களுக்கு என்று மாற்றப்பட்டது. தலைமுறையாக மாடு ஓட்டிய தடத்தில் இன்று மாடு போக முடியாது. அதே தடத்தில் வெளியூர் ஜீப் போனால் ஊர் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். பணத்துக்காக மாட்டுத் தடத்தைக் காட்டிக்கொடுக்கும் உள்ளூர் ஆளும் அந்த வழக்கில் சேர்வார்.

தங்கவைக்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டியவை

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்கா வந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா, ஊரகச் சுற்றுலா இரண்டும் இடம் பெற்றிருக்கின்றன. கூடார முகாம், கேரவன் பூங்கா, வீட்டில் தங்கவைத்தல் ஆகியவற்றைத் தொழிலாக நடத்துவோர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் ஒருவர் ஒரு ராத்திரி தங்குவது வேறு. விளம்பரம் போட்டு வாரா வாரம் தங்கவைப்பது வேறு. இரண்டாவது வகையில் இறங்கும் முன் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் ஊராட்சியிலும் விசாரிக்க வேண்டும். மலையடிவாரக் கிராமம் என்றால் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் ஊர் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

மின்சாரம்: பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் கேரவனுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. பிடிபட்டால் அபராதத்தோடு இணைப்பும் போகும். வீட்டு இணைப்பில் கொடுத்தாலும் தொழிலாக நடத்தினால் அதற்குரிய இணைப்பு வாங்க வேண்டும்.

தண்ணீர்: கேரவன் தொட்டி நூறு, இருநூறு லிட்டர் பிடிக்கும். கோடையில் கிணறு இறங்கியிருக்கும்போது எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கழிவு: கழிப்பறைத் தொட்டியை வயலிலோ ஓடையிலோ திறந்துவிட அனுமதிக்கவே கூடாது. வீட்டில் முறையான கழிவுத் தொட்டி இருந்தால் அதில் விடலாம். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழை அல்லது கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். எலுமிச்சைக்கு விடக் கூடாது.

நெருப்பு: கேஸ் அடுப்பு மட்டும். குளிர் காய நெருப்பு வேண்டும் என்றால் தை மாதத்தில், சருகு கூட்டிய வெட்டவெளியில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஆள் இருக்கும்போது மட்டும்.

கால்நடை: ஊரில் கோமாரி இருந்தால் வெளி வண்டியைத் தொழுவத்துப் பக்கம் விடக் கூடாது. வெளியூரிலிருந்து தென்னங்கன்று, செடி ஏற்றி வரும் வண்டியைத் தோட்டத்துக்குள் சேர்க்காமல் இருப்பது நல்லது. பூச்சியும் நோயும் கூடவே வரும்.

எழுத்து: பெயர், வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, எத்தனை ராத்திரி, எவ்வளவு பணம், எதற்கு அனுமதி இல்லை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

காட்டை ஒட்டிய பட்டா நிலம்தானே, அங்கே கூடாரம் போட என்ன தடை?
பட்டா நிலம் என்பதால் யானை வராமல் இருக்காது. காட்டுத் தீக்கும் பட்டா தெரியாது. அந்த நிலத்துக்குப் போகும் வழி வனப்பகுதி வழியாக இருந்தால் வெளியாட்களை அழைத்துப் போகவும் அனுமதி வேண்டும். மலையோர நிலத்தைப் பகலில் சுற்றிக் காட்டலாம். ராத்திரி ஊர்ப் பக்கத்து நிலத்தில் தங்கவைப்பதே சரி.

இதில் நிலையான வருமானம் கிடைக்குமா?
வருடத்தில் தங்க ஏற்ற மாதங்கள் இரண்டு மூன்றுதான். ஆகவே கடன் வாங்கிக் கொட்டகை, நீச்சல் குளம் என்று இறங்க வேண்டாம். தென்காசிப் பகுதியில் தனியார் விடுதிகள் ஓடைத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இருக்கும் நிலம், இருக்கும் தண்ணீர், வீட்டுச் சமையல், தோட்டத்து எலுமிச்சை, தேங்காய், தேன், நாட்டுக்கோழி முட்டை விற்பனை என்ற அளவில் வைத்துக்கொண்டால் நட்டம் வராது.

தோட்டத்து வண்டிப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கேட்டால்?
அது பொதுப் பாதையா, சொந்தப் பாதையா, பல பேர் பங்குள்ள பாதையா என்று முதலில் பார்க்க வேண்டும். பங்குப் பாதை என்றால் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும். ஆடு மாடு திரும்பும் நேரம், பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரம் ஓட்டக் கூடாது என்று நேரம் குறித்துக் கொடுக்கலாம். சத்தம் போடும் சைலன்சர் மாட்டிய வண்டி வேண்டாம் என்று சொல்லலாம். பால் மாடு மிரண்டால் கறவை குறையும்.

இடம் கேட்டு வருகிறவர் மறுத்துவிட்டால் கோபித்துக்கொள்வாரே?
காரணத்தைச் சொல்லி மறுத்தால் யாரும் கோபிப்பதில்லை. ஓடை வரும், யானை வரும், கம்பி இருக்கும் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஊருக்குள் கோவில் மைதானம், மண்டபம், பெட்ரோல் பங்க் ஆகியவற்றில் கேட்டுத் தங்க வழி காட்டினாலே பெரிய உதவி.

கீதாரி ஒரு நிலத்துக்கு அடுத்த வருடமும் வருகிறார் என்றால், போன வருடம் அவரும் நிலத்துக்காரரும் பேச்சு மாறாமல் நடந்துகொண்டார்கள் என்று அர்த்தம். கேரவன்காரர் கிளம்பிய பிறகு அவர் தங்கிய இடத்தை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். சாம்பல், பிளாஸ்டிக், சக்கரப் பள்ளம் எதுவும் இல்லாமல் நிலம் முந்தின நாள் இருந்தபடி இருந்தால் அவருக்கு மறுபடியும் இடம் கொடுக்கலாம்.